காசு வாங்கி எழுதும் சிபாரிசு

நம் கடைப் படியேறி வருகிறவர்களில் இப்போது ஒரு புது வகையினர் சேர்ந்திருக்கிறார்கள். கையில் செல்பேசி, சில சமயம் கழுத்தில் கேமரா. சரக்கு வாங்க வந்தவர்கள் அல்ல, கம்பெனி ஆர்டர் எடுக்க வந்தவர்களும் அல்ல. "உங்கள் கடையைப் பற்றி எழுதுகிறேன், படம் போடுகிறேன். இத்தனை ஆயிரம் பேர் பார்ப்பார்கள். இவ்வளவு கொடுத்தால் போதும்" என்கிறார்கள். கொடுக்கலாமா, கொடுத்தால் பலன் உண்டா என்று உறுப்பினர்கள் சிலர் நம்மிடம் கேட்கிறார்கள். இன்னொரு பக்கம், நம் வீட்டுப் பிள்ளைகளிலேயே சிலர் கடையில் உட்கார மனமில்லாமல், இணையத்தில் எழுதியே பிழைத்துக்கொள்கிறேன் என்று கிளம்புகிறார்கள். பணம் கொடுக்கும் இடத்திலும் நாம் இருக்கிறோம், வாங்கும் இடத்திலும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆகவே இந்தத் தொழிலின் வரவு செலவையும் நாணயத்தையும் ஒரு முறை நிதானமாகப் பார்த்துவிடுவது நல்லது.

வலைப்பதிவு என்பது ஒருவர் இணையத்தில் நடத்தும் சொந்தப் பத்திரிகை. அச்சுக்கூலி இல்லை, காகித விலை இல்லை. ஆனால் வாசகர் சேர மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் எழுத வேண்டும். வருமானம் நான்கு வழிகளில் வருகிறது. முதலாவது, விளம்பரத்துக்கு இடம் கொடுப்பது. கடை முகப்பில் கம்பெனிப் பலகை மாட்ட இடம் கொடுக்கிறோம் அல்லவா, அதைப் போன்றது. கூகுள் நிறுவனம் 2003-ல் ஆட்சென்ஸ் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்த பிறகு சின்னஞ்சிறு பதிவர்களுக்கும் இந்த வரும்படி கிடைத்தது. இரண்டாவது, தரகு. ஒரு பொருளைப் பற்றி எழுதி, அதை வாங்கும் கடைக்கு வழி காட்டி, அந்த வழியாக விற்பனை நடந்தால் சதவீதம் வாங்கிக்கொள்வது. அமேசான் 1996-லேயே இதைத் தொடங்கிவிட்டது. மூன்றாவது, எழுதுவதற்கென்றே பொருளின் உரிமையாளரிடம் தொகை பேசி வாங்குவது. நான்காவது, தன் சொந்தச் சரக்கை விற்பது: புத்தகம், பயிற்சி வகுப்பு, வீட்டில் இடித்த மசாலாப் பொடி என்று எதுவாகவும் இருக்கலாம்.

முதல் வழியிலும் நான்காவது வழியிலும் பெரிய வில்லங்கம் இல்லை. விளம்பரம் விளம்பரமாகத் தெரிகிறது. சொந்தச் சரக்கு என்பதும் தெரிகிறது. தகராறெல்லாம் நடுவில் உள்ள இரண்டில்தான்.

தரகு வாங்குவது குற்றம் என்று நாம் சொல்ல முடியாது. நம்மில் பாதிப் பேர் கமிஷன் மண்டி நடத்துகிறவர்கள். ஆனால் மண்டிப் பட்டியலில் கமிஷன் இவ்வளவு, இறக்குக்கூலி இவ்வளவு என்று எழுதிக் கொடுக்கிறோம். விவசாயிக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்போம். அங்கேகூட மறைப்பது வேடிக்கை பார்க்கிறவர்களிடமிருந்துதான். இணைய எழுத்தில் துண்டைப் போட்டு மூடினால், மறைக்கப்படுகிறவர் வாங்கப்போகும் வாசகரே. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு, இந்தத் தொழில் நன்றாக வேரூன்றிய அமெரிக்காவில் நடந்தவற்றைப் பார்ப்போம்.

2006-ஆம் ஆண்டு அங்கே ஒரு தம்பதியர், வீடு போல அமைந்த வண்டி ஒன்றில் லாஸ் வேகாஸ் நகரத்திலிருந்து ஜார்ஜியா மாநிலத்துக்குப் பயணம் செய்தார்கள். வால்மார்ட் கடைகளின் வண்டி நிறுத்துமிடத்தில் இரவு தங்கக் கட்டணம் இல்லை. ஒவ்வொரு ஊரிலும் அங்கே தங்கி, கடை ஊழியர்களைச் சந்தித்துப் பேசி, வலைப்பதிவில் எழுதிக்கொண்டே போனார்கள். சந்தித்தவர்கள் எல்லோரும் வால்மார்ட்டில் வேலை செய்வதில் மகிழ்ச்சியாக இருந்தார்கள். சம்பளம் குறைவு, மருத்துவ வசதி போதாது என்று அந்த நிறுவனத்தின் மேல் நாடெங்கும் கண்டனம் எழுந்திருந்த நேரம் அது. சாதாரணக் குடும்பம் ஒன்று ஊர் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொல்கிறதே என்று படித்தவர்கள் எண்ணினார்கள்.

அக்டோபர் மாதம் பிசினஸ் வீக் பத்திரிகை உள் விவகாரத்தை எழுதியது. பயணச் செலவைக் கொடுத்தது வால்மார்ட்டை ஆதரிக்கும் ஓர் அமைப்பு. அந்த அமைப்பை உண்டாக்கியது வால்மார்ட்டின் மக்கள் தொடர்பு வேலையைப் பார்த்த எடல்மன் நிறுவனம். அந்த அமைப்புக்குப் பணம் வால்மார்ட்டுடையது. எடல்மன் நிறுவனத் தலைவர் ரிச்சர்ட் எடல்மன் பொறுப்பைத் தம் மேல் ஏற்றுக்கொண்டு பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அதே மாதத்தில், வால்மார்ட்டுக்குப் பரிந்து எழுதப்பட்ட வேறு இரண்டு பதிவுகளையும் தம் ஊழியர்களே எழுதியதாக அந்த நிறுவனம் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. வாய்வழி விளம்பரத் தொழிலுக்கு நெறிமுறை வகுத்ததில் இந்த நிறுவனத்துக்கும் பங்கு இருந்தது என்பதுதான் வேடிக்கை. (2018-ல் பிளிப்கார்ட்டின் பெரும்பங்கை வாங்கி நம் நாட்டுச் சில்லறை வணிகத்துக்குள் நுழைந்ததும் இதே வால்மார்ட்தான். பெரிய மூலதனம் எப்படியெல்லாம் நல்ல பெயரைத் தேடுகிறது என்பதையும் நாம் தெரிந்துவைத்துக்கொள்ளலாம்.)

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்தத் தம்பதியர் எழுதியதெல்லாம் பொய் என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் சந்தித்த ஊழியர்கள் உண்மையிலேயே திருப்தியாக இருந்திருக்கலாம். முதல் நாளே "இந்தப் பயணச் செலவு வால்மார்ட் பணம்" என்று தலைப்பில் போட்டிருந்தால், படிப்பவர்கள் அதற்குரிய தள்ளுபடியைத் தள்ளிக்கொண்டு படித்திருப்பார்கள். மறைத்ததால், மெய்யாக மகிழ்ந்த ஊழியர் ஒருவர் இருந்தால் அவர் பேச்சும் பொய்யாகிப் போனது. கலப்படம் கண்டுபிடிக்கப்பட்ட கடையில் நல்ல மிளகும் விலை போகாது.

அதே 2006-ல் புளோரிடா மாநிலத்தில் பே பெர் போஸ்ட் என்று ஒரு நிறுவனம் கிளம்பியது. பொருள் விற்பவர் எதைப் பற்றி எழுத வேண்டும், எவ்வளவு தருவேன் என்று பட்டியல் போடுவார். பதிவர் எழுதிக் காசு வாங்கிக்கொள்வார். காசு வாங்கினோம் என்று சொல்ல வேண்டும் என்ற நிபந்தனை ஆரம்பத்தில் இல்லை. எதிர்ப்பு வலுத்த பிறகு, டிசம்பரில்தான் அந்தக் கட்டாயத்தைக் கொண்டுவந்தார்கள். 2007 இறுதியில் கூகுள், காசு வாங்கி இணைப்புக் கொடுத்த பல பதிவர்களின் தர மதிப்பை இறக்கியது. அந்த மதிப்பை வைத்துத்தான் அவர்களுக்குக் கூலி பேசப்பட்டது. மதிப்பு இறங்கியதும் கூலியும் இறங்கியது. சில டாலர் கட்டுரைகளுக்காகப் பல மாதங்கள் சேர்த்த வாசகர் வழியை அடைத்துக்கொண்டார்கள்.

ஏமாற்றாமலே சரக்கை மட்டமாக்குவது இன்னொரு பாதை. 2006-ல் தொடங்கிய டிமாண்ட் மீடியா என்ற நிறுவனம், மக்கள் கூகுளில் எதையெல்லாம் தேடுகிறார்கள், அந்தத் தேடலுக்கு எவ்வளவு விளம்பரப் பணம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுத் தலைப்புகளைத் தேர்ந்தெடுத்தது. வெளியாட்களைக் கொண்டு ஒரு கட்டுரைக்குச் சுமார் 15 டாலர் கூலியில் லட்சக்கணக்கில் எழுதிக் குவித்தது. விஷயம் தெரிந்தவர் எழுத வேண்டும் என்பதில்லை; தேடுகிறவர் வந்து விழுந்தால் போதும். 2011 ஜனவரியில் பங்குச் சந்தைக்கு வந்தபோது அதன் சந்தை மதிப்பு, ஒரு நூற்றாண்டைக் கடந்த நியூயார்க் டைம்ஸ் நிறுவனத்தின் மதிப்பையே தாண்டியது. அடுத்த மாதமே கூகுள், மட்டமான பக்கங்களைக் கீழே தள்ளும்படி தன் தேடல் முறையை மாற்றியது. பாண்டா என்று அதற்குப் பெயர். முதல் சுற்றில் தப்பிய டிமாண்ட் மீடியாவின் முக்கியத் தளம், ஏப்ரலில் வந்த இரண்டாம் சுற்றில் அடிபட்டது. அதன் பிறகு அந்த நிறுவனம் பழைய உயரத்துக்கு வரவே இல்லை. 2016-ல் பெயரை மாற்றிக்கொண்டது. 2021-ல் வேறொரு நிறுவனம் சுமார் 32 கோடி டாலருக்கு அதை வாங்கியது. பங்குச் சந்தைக்கு வந்த நாளில் இருந்த மதிப்பு 150 கோடி டாலருக்கு மேல்.

இதற்கு நேர் எதிரான கணக்கு ஒன்று அதே 2011-ல் தொடங்கியது. பிரையன் லாம் என்பவர் ஒரு தொழில்நுட்ப வலைத்தளத்தின் ஆசிரியராக இருந்தவர். நாளெல்லாம் செய்தி போட்டுக்கொண்டே இருக்க வேண்டிய ஓட்டத்தில் சலித்து, ஹவாய் தீவுக்குப் போய், வயர்கட்டர் என்ற தளத்தை ஆரம்பித்தார். ஒரு வகைப் பொருளை எடுத்துக்கொண்டு, சந்தையில் உள்ளவற்றை வாரக்கணக்கில் சோதித்து, பெரும்பாலோருக்கு இது போதும் என்று ஒன்றைச் சொல்வது அதன் வேலை. நாளுக்கு இருபது கட்டுரை இல்லை, மாதத்துக்குச் சிலதான். வருமானம் விளம்பரத்தைவிடத் தரகில்தான் அதிகம்.

இங்கே நம்மவர்கள் கேட்பார்கள்: தரகு வாங்குகிறவன் எப்படி நேர்மையாகச் சொல்வான்? அதிகத் தரகு கொடுக்கிற சரக்கைத்தானே தள்ளிவிடுவான்? நியாயமான கேள்வி. அவர்கள் சொன்ன பதில் வியாபாரி கேட்டு ரசிக்கத்தக்கது. வாங்கியவர் பிடிக்காமல் பொருளைத் திருப்பி அனுப்பினால் தரகு கிடையாது. மட்டமான பொருளைச் சிபாரிசு செய்தால் அது திரும்பி வரும், தரகும் போகும், அந்த வாசகரும் போவார். எனவே நல்லதைச் சொல்வதே தமக்கு லாபம் என்றார்கள். கூடவே, தரகு வாங்குகிறோம் என்பதைத் தளத்தில் வெளிப்படையாக எழுதியும் வைத்தார்கள்.

கெட்டுப் போன சரக்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் மளிகைக்காரருக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. புழுத்த துவரம் பருப்பைத் திருப்பி எடுத்து வேறு அளந்து கொடுத்தால் அன்றைக்கு நட்டம்தான். ஆனால் திருப்பி எடுக்க வேண்டியிருக்கிறது என்ற பயமே, மண்டியில் கொள்முதல் செய்யும்போது மூட்டையில் கையை விட்டுப் பார்க்க வைக்கிறது. முன்பணமாகத் தொகை வாங்கிக்கொண்டு எழுதுகிறவருக்கு இந்தப் பயம் இல்லை. பொருள் எப்படி இருந்தாலும் அவர் கூலி கைக்கு வந்தாயிற்று. காசு வாங்கும் முறையே ஒருவரின் எழுத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைக்கிறது என்பது நம் எண்ணம். யோக்கியன், அயோக்கியன் என்று ஆளைப் பிரிப்பதைவிட, யாரிடமிருந்து, எப்போது, எதன் பேரில் பணம் வருகிறது என்று பார்ப்பது நல்ல அளவுகோல்.

2015-ல் வயர்கட்டர் வழியாக நடந்த விற்பனை 15 கோடி டாலர் என்று அப்போது செய்தி வந்தது. 2016 அக்டோபரில் நியூயார்க் டைம்ஸ் நிறுவனம் 3 கோடி டாலருக்குச் சற்று மேல் கொடுத்து அதை வாங்கியது. அந்த விலையில் கட்டடம், இயந்திரம் என்று எதுவும் பெரிதாக இல்லை. "இவர்கள் சொன்னால் சரியாக இருக்கும்" என்ற பெயருக்குக் கிடைத்த விலை. நாம் கடையைக் கைமாற்றும்போது குட்வில் என்று தனியாக ஒரு தொகை பேசுகிறோமே, அதுதான்.

ஆனாலும் தரகை மட்டும் நம்பியிருப்பது நிம்மதியான பிழைப்பு என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டாம். 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின் நடுவே, அமேசான் நிறுவனம் அமெரிக்காவில் தரகு விகிதத்தை ஒரே அறிவிப்பில் குறைத்தது. வீட்டுச் சாமான்களுக்கு 8 சதவீதமாக இருந்தது 3 ஆனது. மளிகைப் பொருள்களுக்கு 5 சதவீதம் 1 ஆனது. மறுப்புச் சொல்ல வழியில்லை. ஒரே கம்பெனியின் ஏஜென்சியை வைத்துக்கொண்டு, அவர்கள் மார்ஜினைக் குறைத்த நாளில் கையைப் பிசைந்து நின்ற அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அப்படி நேர்ந்தபோது நிமிர்ந்து நின்றவர்கள், கம்பெனி பெயரைச் சொல்லாமல் கடை பெயரைச் சொல்லி வாடிக்கையாளர் தேடி வரும்படி வைத்திருந்தவர்கள். எழுத்துத் தொழிலிலும் அதே கதைதான். வாசகர் தேடி வருவது எழுதுகிறவரையா, கூகுள் காட்டிய வழியையா என்பதில்தான் பத்தாண்டு கழித்து மிஞ்சுவது என்ன என்பது இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதற்கு வருவோம். அமெரிக்க வணிக ஆணையம் 2009-லேயே, பணமோ இலவசப் பொருளோ வாங்கி எழுதும் பதிவர் அதைச் சொல்லியாக வேண்டும் என்று தன் வழிகாட்டுதலில் சேர்த்துவிட்டது. நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு, பொருளைத் தயாரித்தவருக்கும் அதைப் பரிந்துரைத்தவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு இதில் அதிகாரம் உண்டு. பரிந்துரைத்தவர் ஓராண்டு வரை எந்தப் பொருளையும் பரிந்துரைக்கக் கூடாது என்றும், மீண்டும் செய்தால் மூன்றாண்டு வரை என்றும் தடை போடலாம். சொல்வது உண்மைதானா என்று முன்கூட்டியே உரிய கவனத்துடன் விசாரித்தவருக்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது. ஆகவே விசாரித்ததற்கான ஆதாரத்தைக் கையில் வைத்திருப்பது எழுதுகிறவருக்கு அவசியம்.

விளம்பரத் துறையின் தர மன்றம் 2021-ல் இணையப் பிரபலங்களுக்குத் தனி விதிகளை வெளியிட்டது. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் வழிமுறைகளை வெளியிட்டது. பணம் வாங்கினால் மட்டும் அல்ல. இலவசப் பொருள், தள்ளுபடி, பரிசு, பயணச் செலவு, தங்கும் இடம், குடும்ப உறவு, வேலை உறவு எதுவானாலும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். பதிவு எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில், எளிய சொல்லில், கண்ணில் படும்படி இருக்க வேண்டும். காணொளி என்றால் எழுத்திலும் பேச்சிலும் சொல்ல வேண்டும். தமிழில் பத்து நிமிடம் புகழ்ந்துவிட்டுக் கடைசியில் பொடி எழுத்தில் ஆங்கிலச் சொல் ஒன்றைப் போட்டுவிட்டுப் போவது இதற்குப் பொருந்தாது. சொந்தக்காரப் பையனை வைத்துச் சொந்தக் கடையைப் புகழ வைத்தாலும் உறவைச் சொல்லியாக வேண்டும் என்பதை நம்மில் பலர் அறியவில்லை.

ஆள் வைத்து நட்சத்திரம் போட வைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாங்காதவர்கள் வாங்கியதாகப் பாராட்டு எழுதும் பழக்கத்தைத் தடுக்க, இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்ற தர அளவை வெளியிட்டது. பக்கத்துக் கடைக்கு மட்டமாக எழுத ஆள் பிடிப்பதும் இதே குப்பைதான். தெருவில் இரண்டு கடைக்காரர்கள் இந்த வேலையில் இறங்கினால், இருவர் மதிப்பையும் தின்றுவிட்டு எழுத வந்தவர் மூன்றாவது கடைக்குப் போய்விடுவார்.

அடுத்தவரைக் கேள்வி கேட்கும்போது நம் கல்லாவையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வாடிக்கையாளர் வந்து, "எந்த எண்ணெய் நல்லா இருக்கும் அண்ணாச்சி, நீங்களே கொடுங்க" என்கிறார். அந்த மாதம் ஒரு கம்பெனி ஐம்பது பெட்டிக்கு ஒரு பரிசு அறிவித்திருக்கிறது. கை தானாக அந்த டின்னுக்குப் போகிறது. இதைச் செய்யாதவர் நம்மில் எத்தனை பேர்? கண்ணில் படும் தட்டில் அடுக்கக் கம்பெனி பணம் கொடுக்கிறது, அடுக்குகிறோம். அது இடத்துக்கு வாடகை, அதில் தப்பில்லை. ஆனால் "நீங்களே கொடுங்க" என்று ஒருவர் நம் வாயை நம்பும்போது நாம் நீட்டும் டின்னுக்கும், காசு வாங்கி எழுதும் பதிவருக்கும் அதிக தூரம் இல்லை. கடைக்காரருக்கு லாபம் உண்டு என்பது வாடிக்கையாளருக்குத் தெரியும். இந்த ஒரு டின்னுக்கு மட்டும் இரட்டை லாபம் என்பது தெரியாது. "இதுக்கு இந்த மாசம் கம்பெனி ஆஃபர் இருக்கு, நான் வீட்டுக்கு எடுக்கிறது அது" என்று இரண்டையும் காட்டிவிடுகிற கடைக்காரர்கள் உண்டு. அவர்களிடம் விலை விசாரிக்காமல் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போகிற குடும்பங்களும் உண்டு.

சரி, எழுத வந்திருக்கும் அந்தத் தம்பிக்கு என்ன பதில் சொல்வது? விரட்ட வேண்டியதில்லை. விளம்பரம் ஒரு செலவு. வரவு இருந்தால் செய்யலாம். முதலில், அவர் முன்பு எழுதிய பத்துப் பதிவுகளைப் படித்துப் பாருங்கள். பத்துக் கடையையும் ஊரிலேயே சிறந்த கடை என்று எழுதியிருந்தால், பதினோராவது கடையாகச் சேர்வதில் பயன் இல்லை. ஏதாவது ஒன்றில் குறை சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். குறை சொல்லத் தெரிந்தவரின் பாராட்டுக்குத்தான் வாசகரிடம் செல்வாக்கு இருக்கும். பார்க்கிறவர்கள் எண்ணிக்கையைவிட, அவர்களில் எத்தனை பேர் நம் ஊரைச் சேர்ந்தவர்கள் என்று கேளுங்கள். துபாயிலும் டொராண்டோவிலும் லட்சம் பேர் பார்த்து நமக்கு அரைப்படி உளுந்தும் விற்காது. பிறகு, "கட்டண விளம்பரம்" என்று தமிழில், பதிவின் தலையிலேயே போடுவாரா என்று கேளுங்கள். அப்படிப் போட்டால் மதிப்புக் குறையும், ஆனால் போடாமல் விட்டுவிடலாம் என்று அவரே யோசனை சொன்னால், அவரோடு பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நம்மைப் பற்றி வாசகரிடம் மறைக்கிறவர், வாசகர்களைப் பற்றி நம்மிடம் எதை மறைக்கிறாரோ தெரியாது.

பேசி முடித்தால் தொகையை ரொக்கமாகக் கையில் கொடுக்காமல் வங்கி மூலம் கொடுத்து, ரசீது வாங்கி, விளம்பரச் செலவுக் கணக்கில் எழுதுங்கள். பணத்துக்குப் பதில் சரக்காகக் கொடுத்தாலும் அதன் மதிப்பைப் பற்று எழுத வேண்டும். ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் இப்படிப் பொருளாகவோ சலுகையாகவோ கொடுத்தால் 10 சதவீதம் வரிப்பிடித்தம் செய்யும் முறை 2022 ஜூலையில் வந்தது. சிறிய விற்றுமுதல் உள்ள தனிநபர் கடைகளுக்கு அதில் விலக்கு தரப்பட்டது. உங்கள் கடைக்கு எது பொருந்தும் என்பதைக் கணக்கு முடிக்கும் நேரம் வரை தள்ளிப்போடாமல், கொடுப்பதற்கு முன்பே ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.